வாசலில் லொறி, மொட்டை மாடியில் பீப்பாய்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஒழுங்கைகளில் லொறி திரும்ப இடம் இல்லை. அதனால் குப்பை லொறி காலையில் பின்பக்கமாகவே உள்ளே வரும். அந்தப் பீப் ஒலிதான் எங்கள் வீட்டு அலாரம். சென்ற ஜூன் மாதத்தில் ஒரு நாள், நான் கொண்டுபோய் வைத்த பையை ஊழியர் ஒருவர் தூக்கி ஒரு தடவை குலுக்கினார். உள்ளே தண்ணீர் சளக்கென்றது. விரலால் முடிச்சைத் தளர்த்திப் பார்த்தார். வாழைப்பழத் தோலுக்கும் முருங்கைக்காய்ச் சக்கைக்கும் நடுவே ஒரு யோகட் கப், அதற்குள் அதன் குட்டிக் கரண்டி. "ஐயா, இது உக்காதே" என்று சொல்லிவிட்டுப் பையைப் படிக்கட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்.

தவறு என்னுடையதுதான். ஆனாலும் மூன்றாம் மாடிக்கு ஈரப் பையோடு திரும்பி ஏறும்போது ஒரு ரோசம் வந்தது. இனி இந்த லொறியே வேண்டாம், வீட்டிலேயே பசளை ஆக்கிவிடலாம் என்று முடிவு கட்டினேன். அந்த ரோசம் ஐந்து மாதம் தாங்கியது. அதற்குள் லொறி, பீப்பாய், காற்றுப் புகாத வாளி என்று மூன்றையும் பார்த்துவிட்டேன். சமையலறைக் கழிவை என்ன செய்வது என்று யோசிக்கும் கொழும்புக்காரருக்கு இந்த அனுபவம் உதவும்.

முதலில் தராசை எடுங்கள். எவ்வளவு கழிவு, எப்படிப்பட்ட கழிவு என்று தெரியாமல் வாளி வாங்குவது கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவது போல. நாங்கள் ஐந்து பேர், அம்மா சமையல். ஒரு வாரம் நிறுத்துப் பார்த்ததில் 8.4 கிலோ வந்தது. மரக்கறித் தோலும் பழத்தோலும் 3.6 கிலோ, பால் பிழிந்த தேங்காய்ப்பூச் சக்கை 2.4 கிலோ, மிஞ்சிய சோறு கறி 1.4 கிலோ, மீன் தலை, செதில், குடல் 1 கிலோ. சக்கைதான் நான் எதிர்பாராதது. நாளுக்கு ஒரு தேங்காய், விருந்தாளி வந்தால் இரண்டு என்று திருவுகிற வீட்டில் கழிவில் கால்வாசிக்கும் மேல் தேங்காயே என்பதை அதுவரை நான் கவனித்ததில்லை.

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கும் தங்கையிடம் யோகட் கப் கதையைச் சொன்னபோது சிரித்தாள். அவளுடைய வீட்டுப் பச்சை வாளியில் மீன் தலை, எலும்பு, குழந்தையின் பம்பர்ஸ், பூனை மண் எல்லாமே போகும். பொலித்தீன் பையில் கட்டியே போடலாம். வாரம் ஒரு முறை வாசலில் வைத்தால் எடுத்துக்கொள்வார்கள். ரக்கூன்கள் திறக்க முடியாதபடி மூடியில் பூட்டு வேறு. "அங்கே மட்டும் ஏன் அண்ணா இவ்வளவு கெடுபிடி?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோதுதான் விஷயம் பிடிபட்டது. ரொறன்ரோவில் அந்தக் கழிவு ஆலைக்குப் போனதும் தண்ணீரோடு சேர்த்துக் கூழாக்கப்படுகிறது. பொலித்தீனும் பிளாஸ்டிக்கும் தனியே அகற்றப்படுகின்றன. கூழ் மட்டும் மூடிய தாங்கிகளுக்குள் சென்று காற்றில்லாமல் நொதித்து எரிவாயு தருகிறது. எஞ்சும் திண்மத்தைப் பிறகு கூட்டெருவாக்குகிறார்கள். நம்மூர்க் கூட்டெருத் தளத்தில் கழிவைக் குவியலாகக் குவித்துப் புரட்டிப் புரட்டித்தான் உக்க வைக்கிறார்கள். குவியலுக்குள் போன பொலித்தீன் கடைசியில் சல்லடை போடும்வரை அங்கேயே கிடக்கும். அதற்குள் நார்நாராகக் கிழிந்து பசளையோடு கலந்துவிடும். அங்கே பிரிப்பது இயந்திரம், இங்கே பிரிப்பது என் கை. லொறி ஊழியர் பையைத் திருப்பி வைத்தது ஆலையின் முதல் இயந்திரம் செய்கிற வேலையைத்தான்.

ஆகவே லொறியிலிருந்தே தொடங்குகிறேன். இலங்கையில் வீட்டுக் கழிவுக்கு நிற முறை ஒன்று உண்டு: உக்கும் கழிவுக்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாஸ்டிக்குக்கும் பொலித்தீனுக்கும் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு. கொழும்பில் உக்கும் கழிவும் உக்காத கழிவும் தனித்தனியே எடுக்கப்படுகின்றன. எந்த நாளில் எது என்பது வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடும். அதை அயலவரிடம் கேட்பதைவிட லொறியோடு வரும் ஊழியரிடமே கேட்டுவிடுவது நல்லது. அயலவர் சொல்வது பெரும்பாலும் போன வருடத்து அட்டவணை.

எடுத்துச் செல்லும் கழிவின் பயணம் எங்கே முடிகிறது என்பது கொழும்பில் சாதாரணக் கேள்வி அல்ல. கொட்டாஞ்சேனைப் பக்கம் வளர்ந்தவர்களுக்குப் புளூமெண்டல் குப்பைமேட்டின் வாடை இன்னும் நினைவிருக்கும். அது மூடப்பட்டதும் குப்பை மீதொட்டமுல்லைக்குப் போனது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள் பிற்பகல், அந்த மேடு சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அன்று எங்கள் வீட்டில் பால் பொங்கிய பானை அப்படியே இருக்க, எல்லோரும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தோம். சரிந்த மேட்டில் பெரும்பங்கு யோகட் கப் அல்ல, சோறும் மரக்கறியும்தான். இந்த நாட்டின் நகரக் கழிவில் பாதிக்கும் மேற்பட்டது உக்கக்கூடியது. மழையில் ஊறி, உள்ளே காற்றில்லாமல் நொதித்து, வாயுவும் கழிவு நீருமாகக் கனத்து நிற்கும் மேடு அது.

அதற்குப் பிறகு புத்தளம் அருவக்காட்டுக்குக் கொழும்புக் குப்பையைக் கொண்டுபோகும் திட்டம் வந்தது. ஏறக்குறைய 170 கிலோமீற்றர் தூரம். "உங்கள் குப்பை எங்களுக்கு எதற்கு?" என்று புத்தளத்து மக்கள் தெருவில் இறங்கினார்கள். நியாயமான கேள்வி. கொழும்புக்கு வடக்கே கெரவலப்பிட்டியில் இப்போது இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று கூட்டெருத் தளம். மற்றது 2021 பெப்ரவரியில் திறக்கப்பட்ட, குப்பையை எரித்து 10 மெகாவாற் மின்சாரம் எடுக்கும் நிலையம். பிரிக்காத பை இரண்டாவது வழியில்தான் போகும்.

இங்கேதான் என் மனம் மாறியது. எரிந்தால் மின்சாரம்தானே, பிறகு ஏன் பிரிக்க வேண்டும் என்று நானும் கேட்டவன். சமையலறைக் கழிவில் முக்கால் பங்கு தண்ணீர். ஒரு கிலோ தண்ணீரை முழுதாக ஆவியாக்க ஏறத்தாழ 2.6 மெகாஜூல் வெப்பம் வேண்டும். கேத்தலில் ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரச் செலவாகும் வெப்பத்தைப்போல் எட்டு, ஒன்பது மடங்கு அது. பூசணிக் குடலையும் பப்பாசித் தோலையும் உலைக்கு அனுப்பினால், அந்த உலை முதலில் அவற்றின் தண்ணீரைக் காய்ச்சி முடிக்க வேண்டும். பக்கத்தில் எரியும் காய்ந்த கடதாசியின் சூடு அதற்கே போய்விடும்.

எனவே லொறிக்குக் கொடுப்பதாக இருந்தால், பிரிப்பதற்கு அடுத்தபடி செய்ய வேண்டியது வடிப்பது. கழுவுதொட்டியின் மூலையில் துளையுள்ள கிண்ணம் ஒன்று. தோல், சக்கை, தேயிலைத் தூள் எல்லாம் அதற்குள் ஓர் இரவு கிடக்கட்டும். காலையில் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி வாளியில் போடுங்கள். எங்கள் வீட்டு 8.4 கிலோ இந்த ஒரு வேலையால் மட்டும் ஏழு கிலோவுக்குக் கீழே வந்தது. பை ஒழுகுவதும், படிக்கட்டில் கோடு விழுவதும், அதைக் கழுவச் சொல்லிக் காவலாளி முறைப்பதும் நின்றன. மீன் கழிவை மட்டும் உறைபெட்டியில் வைத்து, லொறி வரும் காலையில் எடுக்கிறோம். அம்மா முதலில் ஒப்பவில்லை, "வெள்ளிக்கிழமை மரக்கறி சமைக்கிற வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக்குள் மீன் குடலா?" என்றார். மூடியுள்ள பழைய ஐஸ்கிரீம் டப்பா அந்தச் சண்டையைத் தீர்த்தது.

லொறியின் குறையையும் சொல்ல வேண்டும். நீங்கள் எவ்வளவு ஒழுங்காகப் பிரித்தாலும், அதே தொடர்மாடியில் இன்னொருவர் ஒரே பையில் எல்லாவற்றையும் கட்டி வைத்தால் உங்கள் உழைப்பும் அதோடு போய்விடுகிறது. இருபத்துநாலு வீடுகள் உள்ள எங்கள் கட்டடத்தில் இது தினசரி நடக்கிறது. விடுமுறை நாள்களில் வண்டி வராவிட்டால் வாளி இரண்டாம் நாளே பேசத் தொடங்கிவிடும். அத்துடன், பசளை உங்களுக்குத் திரும்பி வராது. அதை ஒரு குறை என்று சொல்லலாமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ரோசத்தில் நான் ஓடிப்போய்ப் பிடித்தது பீப்பாய். 200 லீற்றர் கொள்ளும் நீலப் பீப்பாய். சுற்றிலும் விரல் நுழையும் அளவில் துளைகள், அடியில் செங்கல், கீழே ஒரு தட்டு. நிர்வாகக் குழுவிடம் கெஞ்சி மொட்டை மாடியில் தண்ணீர்த் தாங்கியின் நிழலில் வைத்தேன். நிலத்தோடு வீடு உள்ளவர்களுக்கு இவ்வளவு சிரமமில்லை. அடி வெட்டிய பீப்பாயை மண்ணில் நேரடியாக வைத்துவிடலாம். உள்ளூராட்சி சபைகள் பல இடங்களில் கூட்டெருப் பீப்பாய்களை வீடுகளுக்குக் கொடுத்து வந்திருக்கின்றன. கிராமத்துப் பக்கம் கிளிரிசிடியா (சீமைக்கிளுவை) தடிகளை வட்டமாக நட்டு, அதற்குள் குப்பையைப் போட்டு உக்க வைப்பார்கள். தடி துளிர்த்து வேலியாகவும் நிற்கும். மொட்டை மாடியில் தடி நட முடியாது.

பீப்பாய்க்குத் தேவைப்படுவது கழிவு அல்ல, சருகு. இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. ஈரக் கழிவில் நைதரசன் அதிகம், காபன் குறைவு. நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்ய ஒரு பங்கு நைதரசனுக்கு இருபத்தைந்து முதல் முப்பது பங்கு காபன் வேண்டும். நடைமுறையில் இதன் பொருள், ஒரு சட்டி தோலுக்கு இரண்டு மூன்று சட்டி காய்ந்த இலை. வாரம் ஆறு கிலோ தோலும் சக்கையும் போடுகிற வீட்டுக்கு வாரம் ஒரு சாக்குச் சருகு. வெள்ளவத்தையில் எங்கே போவது? பக்கத்து ஒழுங்கையில் மாமரமுள்ள வீட்டுப் பாட்டி கூட்டிக் குவித்த இலையை எரித்துக்கொண்டிருந்தார். "எரிக்காதீர்கள் அம்மா, எனக்குத் தாருங்கள்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "குப்பையைக் கேட்டு வாங்குகிற பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன்" என்றார். அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் ஒரு சாக்கு. போதாத வாரங்களில் தும்புச்சோற்றுக் கட்டி, அதாவது தேங்காய் நார்த்தூளை அழுத்திச் செய்த கட்டி, வாங்கினேன். 5 கிலோக் கட்டி ஒன்றை நனைத்தால் அறுபது எழுபது லீற்றராகப் பொங்கும். நன்றாக ஈரம் உறிஞ்சும். ஆனால் தானாக உக்க நாளெடுக்கும்.

முதல் ஆறு வாரம் என் பெருமைக்கு அளவில்லை. மூடியைத் திறந்தால் மழை பெய்த மண்ணின் வாசனை. வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் மொட்டை மாடிக்கு அழைத்துப் போனேன்.

ஒக்டோபரில் கவிழ்ந்தது. மகனின் பிறந்தநாளுக்கு வந்து மிஞ்சிய பிரியாணி, அதற்கு மேல் இரண்டு பாரை மீன் தலை, அந்த வாரம் பார்த்துப் பாட்டி ஊருக்குப் போனதால் சருகு இல்லை. மூடியையும் சரியாகப் பொருத்தவில்லை. கொழும்பில் ஆண்டுக்கு 2,300 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் ஒக்டோபரும் நவம்பரும் தம் பங்கை மறக்காமல் கொடுக்கிற மாதங்கள். மூன்று நாள் கழித்து மேலே போனேன். மூடியை ஒரு விரல் உயரம் தூக்கியதும் அழுகிய முட்டையின் நாற்றம் கண்ணில் பட்டது, ஆம், கண்ணில்தான். கண் எரிந்து தண்ணீர் வந்தது. மேலே சாம்பல் நிறத்தில் ஒரு சகதி, அதில் அரிசிப் பருக்கைகள் அசைவது போலிருந்தது. பருக்கைகள் அல்ல. விரல் நுனி அளவில், தட்டையாக, கோடு கோடாக, பால் நிறத்துப் புழுக்கள். சில துளை வழியாக வெளியேறிச் சுவரில் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. வரிசை போய்ச் சேரும் இடத்தில் நான்காம் மாடி ரீச்சரின் துணிக்கொடி.

அவை குளவியைப் போல் தோற்றமளிக்கும் ஒரு கறுப்பு ஈயின் புழுக்கள். வீட்டு ஈயைப் போல் சாப்பாட்டில் வந்து உட்காராது, நோய் பரப்பாது, கழிவைத் தின்று தீர்ப்பதில் அவற்றை மிஞ்ச ஆளில்லை. உலகம் முழுவதும் இதற்கென்றே பண்ணை வைத்து வளர்க்கிறார்கள். இதையெல்லாம் ரீச்சரிடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, பண்ணைக்கே அனுப்பிவிடுங்கள்" என்றார்.

திருத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது. பீப்பாயைக் கவிழ்த்துக் கொட்டி, மீன் தலைகளைப் பொறுக்கி எடுத்து, மூன்று சாக்குச் சருகும் கிழித்த அட்டைப்பெட்டியும் கலந்து மறுபடி நிரப்பினேன். அன்று கற்றுக்கொண்டதுதான் பிடிச் சோதனை. உள்ளிருந்து ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டுத் தண்ணீர் தெரிந்தால் சரி. ஒழுகினால் சருகு போடுங்கள். கையை விரித்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். இடியப்பத்துக்கு மாக் குழைக்கிற கைக்கு இது ஒரு நாளில் பழகிவிடும். அம்மா முதல் தடவையிலேயே சரியாகச் சொன்னார்.

பீப்பாய் பற்றி இன்னும் இரண்டு விஷயங்கள். பெரிய குவியல்கள் 55 பாகைக்கு மேல் சூடேறும்; அந்தச் சூட்டில் விதையும் கிருமியும் அழியும். நாளுக்கு ஒரு கிலோ போடும் வீட்டுப் பீப்பாய் அந்தச் சூட்டைத் தொடுவது அரிது. அதனால்தான் மீனும் இறைச்சியும் அதற்குள் ஆகாது. அதனால்தான் என் பசளையைப் போட்ட சாடி ஒவ்வொன்றிலும் தக்காளியும் பப்பாசியும் அழையா விருந்தாளிகளாக முளைக்கின்றன. இரண்டாவது, நுளம்பு. அடித்தட்டில் தேங்கும் நீர், மூடியின் குழியில் நிற்கும் மழைநீர், மூலையில் எறிந்த செவ்விளநீர்க் கோம்பை, சிரட்டை, இவையெல்லாம் டெங்கு நுளம்புக்குத் தொட்டில். 2017இல் இந்த நாட்டில் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மொட்டை மாடிக்கு ஏறும்போது உங்கள் பசளை ஆர்வத்தைப் பார்க்க வருவதில்லை, தட்டைத்தான் பார்ப்பார். தட்டில் மணல் நிரப்பி வைத்தேன். சிரட்டையைக் கவிழ்த்து வைக்கும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் வந்துவிட்டது.

இப்போது, பசளை திரும்பி வராதது குறையா என்ற கேள்வி. வாரம் ஆறு கிலோ என்றால் ஆண்டுக்கு முந்நூறு கிலோவுக்கு மேல். உக்கி முடிந்தால் கால்வாசி என்று வைத்தாலும் எண்பது கிலோ. எங்கள் பல்கனியில் இருப்பது பதினொரு சாடி: கறிவேப்பிலை, துளசி, இரண்டு மிளகாய், கற்பூரவள்ளி, மிச்சம் மனைவியின் குரோட்டன். இவற்றுக்கு ஆண்டுக்கு இருபது கிலோவே அதிகம். மீதி அறுபது கிலோவை யாருக்குக் கொடுப்பது? 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோது சேதனப் பசளை என்றால் ஊரே கை நீட்டியது. அந்த ஆண்டு முடியுமுன் தடை தளர்ந்தது, கையும் இறங்கியது. மண் இல்லாத வீட்டில் பசளை ஆக்குவது என்பது குப்பையை நல்ல வாசனையுள்ள குப்பையாக மாற்றுவதே. தெஹிவளையிலோ மட்டக்குளியிலோ நாலு வாழையும் ஒரு தேசிக்காய் மரமும் வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு தலைகீழ். அவருக்கு எண்பது கிலோ போதாது.

மற்ற வழிகளை விரைவாகச் சொல்லிவிடலாம். பொகாஷி என்ற ஜப்பானிய முறையில் காற்றுப் புகாத வாளியில் கழிவைப் போட்டு, நுண்ணுயிர் கலந்த தவிட்டைத் தூவி, அழுத்தி மூட வேண்டும். ஊறுகாய் போடுவது போலத்தான். வாடையும் புளித்த வாடை. சோறு, கறி, மீன் எதுவும் போகும், பல்கனி போதும். இரண்டு வாரத்தில் புளித்துவிடும். ஆனால் புளித்தது பசளை அல்ல. அதை மண்ணில் புதைத்து இன்னும் சில வாரம் விட வேண்டும். மறுபடியும் மண். நான் ஒரு வாளியோடு நிறுத்திக்கொண்டேன். தவிடு தீர்ந்ததும் வாளி அம்மாவின் அரிசி வாளியாகிவிட்டது.

கழிவை நொதிக்க வைத்துச் சமையல் வாயு எடுக்கும் உயிர்வாயுத் தாங்கி பற்றி 2022இல் எரிவாயு வரிசையில் நின்ற யாரும் கனவு கண்டிருப்பார்கள். கணக்கைப் போட்டுப் பார்த்தால் கனவு கலையும். ஒரு கிலோ சமையலறைக் கழிவிலிருந்து ஏறத்தாழ நூறு லீற்றர் உயிர்வாயு கிடைக்கும்; எரிக்கும் சக்தியில் அது 45 கிராம் எல்பி வாயுவுக்குச் சமம். நாளுக்கு ஒரு கிலோ போட்டால், ஒரு 12.5 கிலோ சிலிண்டருக்கு ஈடு சேர்க்க ஒன்பது மாதம். அன்னதானம் போடும் கோவிலுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் இது பொன். ஐந்து பேர் வீட்டுக்குத் தேநீர்த் தண்ணீர் கொதிக்கும்.

பன்றிப் பண்ணைக்காரர்கள் சாப்பாட்டுக் கடைகளின் மிச்சத்தை எடுத்துப் போவது பழைய வழக்கம். 2024 ஒக்டோபரில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இந்த நாட்டில் உறுதியானது. கொதிக்க வைக்காத எச்சில் சோறு அந்த நோய் பரவும் வழிகளில் ஒன்று. அதைக் கொடுக்க நான் துணிய மாட்டேன். சனிக்கிழமை காகத்துக்கு வைக்கும் ஒரு பிடிச் சோறு வேறு கதை. அதையும் மொட்டை மாடியில் வைக்காதீர்கள். பூனையும், கால்வாய்ப் பக்கமென்றால் கபரகொய்யா என்ற நீர் உடும்பும் வந்து சேரும்.

ஆகவே என் தீர்ப்பு. கையளவு மண்கூட இல்லாத தொடர்மாடிக்காரருக்கு லொறிதான். அதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம். துளைக் கிண்ணமும் பத்திரிகைத் தாளும் இருந்தால் உங்கள் பங்கில் தொண்ணூறு வீதம் முடிந்தது. நிலமும், அதைவிட முக்கியமாக மரமும் உள்ளவருக்குப் பீப்பாய். மரமில்லாமல் நிலம் மட்டும் இருந்தால், பீப்பாய் வாங்குமுன் சருகு தரும் பாட்டி ஒருவரைத் தேடுங்கள். கொட்டாஞ்சேனையில் 'தோட்டம்' என்று சொல்லும் நெருக்கமான வரிசை வீடுகள்போல் ஒரே குழாயடியைப் பத்து வீடு பகிரும் இடத்தில் தனிப் பீப்பாய் சண்டையில் முடியும். ஒரே பச்சை வாளியைப் பத்து வீடும் ஒத்துக்கொண்டு வைப்பது நல்லது. அந்த ஒத்துக்கொள்ளல்தான் கடினம் என்பதை இருபத்துநாலு வீட்டுக்காரன் நான் அறிவேன்.

இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா என்றால், செய்யலாம், நாங்கள் செய்கிறோம். சமைக்காத தோல், தேங்காய்ப்பூச் சக்கை, தேயிலைத் தூள் இவற்றில் பாதி மேலே போகிறது. பதினொரு சாடிக்கும் பாட்டியின் மாமரத்துக்கும் அது போதும். மற்றப் பாதியும் சோறு, கறி, மீனும் வடித்துச் சுற்றிய நிலையில் கீழே லொறிக்குப் போகின்றன. யோகட் கப்பைக் கழுவிக் காயவைத்துச் செம்மஞ்சள் பையில் போடுவது மகனின் வேலை. கரண்டியை அவன் இன்னும் மறக்கிறான்.

நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ரீச்சர் பீப்பாயைப் பற்றிப் பேசினார். மழை முடியும்வரை பார்ப்போம், தைப்பொங்கலுக்குள் வாடை வந்தால் அகற்ற வேண்டும் என்று முடிவாயிற்று. மூடிக்கு மேல் தகரம் ஒன்று போட்டுக் கல் வைத்திருக்கிறேன். சருகு இரண்டு சாக்கு மீதமிருக்கிறது.